லே போகிறவர்களுக்குக் கொடைக்கானலிலிருந்து

கொடைக்கானல் பேருந்து நிலையத்தருகே டாக்சி ஓட்டுநர்கள் நீட்டும் அட்டையை வெளியூர்க்காரர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். தூண் பாறை, குணா குகை, பைன் காடு என்று வரிசையாக அச்சிட்டு, அரை நாளில் சுற்றிக்காட்டி இறக்கிவிடுவதற்கான அட்டை அது. லடாக்கின் லே நகரிலும் இப்படியொரு பட்டியல் உண்டு: பாங்காங் ஏரி, கர்துங் லா கணவாய், நுப்ராவின் இரட்டைத் திமில் ஒட்டகங்கள், காந்த மலை. லே போவதாகச் சொல்லி என்னிடம் விசாரிக்கும் நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்வதெல்லாம், தொலைவில் இருப்பவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊரையும் சிந்து நதிக்கரையையும் பாருங்கள் என்பதுதான்.

இதற்கு முதல் காரணம் உடம்பு. நாம் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், நமக்கென்ன ஆகிவிடும் என்ற தைரியம் அங்கே செல்லுபடியாகாது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம் என்றால், லே 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைந்துவிடுகிறது. நாள் தவறாமல் நம் ஏரியைச் சுற்றி நடக்கும் என் மைத்துனர், லேயில் விடுதியின் முதல் மாடிக்கு ஏறியதும் பேச்சு வராமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். விமானத்தில் போய் இறங்குபவர்கள் முதல் இரண்டு நாள்களை ஓய்வாகக் கழிப்பதே முறை. தலைவலியும் குமட்டலும் கூடிக்கொண்டே போனால் மேற்கொண்டு ஏறாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் ஒன்று குடும்பத்தில் யாரிடமாவது இருக்கட்டும்.

உடம்பு பழகியபின் கடைவீதியிலிருந்து பழைய ஊரின் சந்துகள் வழியாக அரண்மனைக்கு மெல்ல ஏறலாம். 17ஆம் நூற்றாண்டில் செங்கே நாம்கியால் என்ற மன்னர் காலத்தில் எழுந்த ஒன்பது அடுக்கு மாளிகை அது. 1834இல் ஜம்முவின் டோக்ரா படை லடாக்குக்குள் நுழைந்ததை அடுத்து, அரச குடும்பம் இந்த மாளிகையை விட்டு நதிக்கு அப்பாலுள்ள ஸ்டோக் கிராமத்துக்குப் போய்விட்டது. உள்ளே பொருள்கள் அதிகம் இல்லை என்று பலர் குறைபட்டுக்கொள்வார்கள். அவர்கள் தலையை நிமிர்த்தி மேல்தளத்தைப் பார்ப்பதில்லை. பாப்லர் மரத்தின் உருண்டை உத்தரங்களும், அவற்றின் குறுக்கே நெருக்கமாக அடுக்கிய விரல் பருமனுள்ள வில்லோக் குச்சிகளும், அதற்குமேல் மண்ணும்தான் அங்கே கூரை.

மண்கூரை நிற்பதற்குக் காரணம் மழையின்மை. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்கு மலைகள் வாங்கிக்கொள்வதால் அடிவாரத்துப் பழனி காய்ந்து கிடப்பதைப் போலவே, இமயத் தொடர் தடுத்துவிடுவதால் லேக்கு வந்து சேரும் மழை ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவுதான். ஐப்பசியில் நமக்குச் சில நாள்களில் கொட்டிவிடும் மழை அது. அதே காரணத்தால்தான் 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பு ஏற்பட்டபோது அந்த ஊரால் தாங்க முடியவில்லை.

நதியோரமாகக் கிழக்கே போனால் பழைய தலைநகரான ஷேயையும், குன்றின்மேல் படிப்படியாக அடுக்கிய திக்சே மடாலயத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். திக்சேயில் இரண்டு தளங்களை நிறைத்து அமர்ந்திருக்கும், வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் சிலையைவிட, அதிகாலை வழிபாட்டை ஓரமாக உட்கார்ந்து கேட்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஒரேயொரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், மேற்கே 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆல்ச்சி கிராமத்துப் பௌத்தக் கோயிலைத்தான் சொல்வேன். குன்றின்மேல் ஏறாமல் வயல்களுக்கும் ஆப்ரிகாட் மரங்களுக்கும் நடுவே தாழ்வாக இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் கோயில் என்றே தோன்றாது. அங்குள்ள மூன்றடுக்குக் கோயிலான சும்த்செக்கில் அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ ஆகிய பௌத்தத் தெய்வங்கள் மூவரும் சுதைச் சிலைகளாக நிற்கிறார்கள். தலைகள் மேல்தளத்துக்குள் போய்விடுவதால், கீழே நிற்பவரின் கண்ணெதிரே இருப்பது அவர்களுடைய வேட்டிதான். அந்த வேட்டிகளில்தான் எல்லாமே இருக்கிறது. மைத்ரேயரின் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை, மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 சித்தர்கள், அவலோகிதேஸ்வரரின் வேட்டியில் கோயில்களும் மாளிகைகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. காஷ்மீரத்து ஓவிய மரபில் வந்த வேலை. உள்ளே படமெடுக்க அனுமதியில்லை என்பதால் எல்லோரும் ஓவியத்தையே பார்க்கிறார்கள்.

கர்துங் லாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலகிலேயே உயரமான மோட்டார் சாலை என்று 18,380 அடியைக் காட்டிக்கொண்டு நெடுங்காலம் பலகை நின்ற இடம் அது. பிற்கால அளவீடுகளின்படி உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்கும் சற்றுக் குறைவு. பாங்காங் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புபவர்கள் ஏரியைப் பார்ப்பதைவிடக் கார் கண்ணாடியைப் பார்ப்பதே அதிகம்.

நீண்ட பயணத்துக்குத் துணிந்தவர்களை நான் ஹான்லேக்கு அனுப்புவேன், அதில் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு. 1899இல் தொடங்கி, 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்த நம் கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான், 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லே ஆய்வகத்தையும் நடத்துகிறது. இங்கே சூரியனைப் பார்ப்பவர்கள் அங்கே இரவு வானத்தைப் பார்க்கிறார்கள். அங்குள்ள இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூரு அருகேயுள்ள ஹோஸ்கோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாகவே இயக்குகிறார்கள். லேயிலிருந்து ஒரு முழுநாள் பயணம், எல்லையை ஒட்டிய பகுதி. அனுமதி விதிகளை லேயிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, பௌர்ணமியை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துப் புறப்படுங்கள்.