எங்கே, எப்போது என்று சொன்ன பிறகுதான் வந்தார்கள்

எங்கள் கல்லூரியில் தடுப்பூசிப் பணியின் பொறுப்பு என்னிடம் வந்தபோது, "இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அக்கறை கிடையாது" என்றுதான் பலரும் சொன்னார்கள். விடுதியில் அறை அறையாகப் போய்ப் பேசினேன். வேண்டாம் என்று மறுத்தவர்கள் மிகச் சிலர். போட்டுக்கொள்ள மனமிருந்தும் எங்கே போவது, எப்போது போவது என்று நாளைக் கடத்தியவர்களே அதிகம்.

அமெரிக்க உளவியலாளர் லெவெந்தாலும் அவருடைய சகாக்களும் 1965-ல் வெளியிட்ட ஆய்வு அப்போது எனக்குத் துணையாக இருந்தது. யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட்டனஸ் நோயைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். அச்சம் ஊட்டினால் தடுப்பூசி மேல் விருப்பம் கூடியது. ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் 3 சதவீதம்தான். மருத்துவ மையம் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தையும் கொடுத்து, எந்த நேரத்தில் போவது என்று திட்டமிடச் சொன்னபோது 28 சதவீதம் பேர் போனார்கள். எங்கள் கல்லூரியிலும் நோயாளிகளின் படம் போட்ட சுவரொட்டிகளை எடுத்துவிட்டு, நாள், நேரம், அறை எண் எழுதிய சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். நேரத்தை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஊசி போட்ட கை வலிக்கும், காய்ச்சல் வரலாம் என்று அஞ்சியதால் தேர்வு வாரங்களைத் தவிர்த்தோம். நண்பர்கள் சேர்ந்தே வந்தார்கள். இளவயதினர் ஊசி போட்டதும் மயங்குவது உண்டு. எல்லோரையும் 15 நிமிடம் உட்காரவைத்தே அனுப்பினோம்.

பெரிய தொல்லை பழைய பதிவுகள். சிறுவயதில் என்ன போட்டார்கள் என்று பலருக்கும் தெரியவில்லை, அட்டையும் இல்லை. தட்டம்மை விஷயத்தில் இதை அப்படியே விட முடியாது. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களிடையே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடிய நோய் அது. பரவலைத் தடுக்க ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு வேண்டும். முன்பே போட்டிருந்தாலும் மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை என்று மருத்துவர் விளக்கியதும் தயக்கம் குறைந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர், வலுக்குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசி. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கும் போடக் கூடாது. அந்தக் கேள்விகளை வரிசையில் நிற்கும்போது கேட்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். திரைக்குப் பின்னால் செவிலியர் தனியாகக் கேட்டார்.

அடுத்தடுத்த தவணைகள்தாம் என்னை அதிகம் கவலைப்படவைத்தன. எம்எம்ஆருக்கு 28 நாள் இடைவெளி போதும், சமாளித்துவிட்டோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசி அப்படியல்ல. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. நடுவில் விடுமுறை வந்துவிடும், பருவமும் மாறிவிடும். முதல் தவணை போட்ட இடத்திலேயே அடுத்த இரண்டு தேதிகளையும் கைப்பேசியில் நினைவூட்டலாகப் பதியச் சொன்னோம். தேதி தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதைத் தெரிந்துகொண்டதும், தவறவிட்டதால் வராமலே இருந்த சிலர் திரும்பி வந்தார்கள்.

இறுதியாண்டில் தொடங்குகிறவர்கள் மூன்றாவது ஊசிக்கு முன்பே படிப்பை முடித்துப் போய்விடுகிறார்கள். அதனால், இனி சேர்க்கை நாளிலேயே முதல் தவணையைப் போட ஏற்பாடு கேட்டேன். அன்று முழுவதும் ஒரு செவிலியரை அனுப்ப மருத்துவ மையம் ஒப்புக்கொண்டிருக்கிறது.