ஜெனரேட்டர் வாங்கினால் சேஞ்ச்ஓவர் சுவிட்சும் சேர்த்து வாங்குங்கள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் டெல்டா பக்கம் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்குகிற பேச்சு கிளம்பிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அதன் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல், வண்டியில் வந்த ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து மொட்டைமாடித் தொட்டியை நிரப்பியவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். வாங்குங்கள். ஆனால் அதை வீட்டு வயரிங்கில் எப்படி இணைக்கப்போகிறீர்கள்?

பல வீடுகளில் நடப்பது இதுதான்: ஒரு ஒயர், இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனை ஜெனரேட்டரில், இன்னொரு முனை ஹாலில் இருக்கும் ஏதாவது ஒரு பிளக் பாயிண்டில். வீடு முழுக்க லைட் எரிகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் பின்கள் கரண்டோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குழந்தை கை வைத்தால் போதும், அது ஒரு ஆபத்து. இன்னும் பெரிய ஆபத்து வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

வீட்டுக்கு உள்ளே வரும் வழியிலேயே கரண்ட் வெளியேயும் போகும். மீட்டரைத் தாண்டி, சர்வீஸ் ஒயர் வழியாகக் கம்பத்துக்கு, அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்கு. தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை நமக்கு ஏற்றபடி குறைத்துத் தருகிறது என்று தெரியும், அதே டிரான்ஸ்பார்மர் தலைகீழாகவும் வேலை செய்யும். கீழ்ப்பக்கம் 230 வோல்ட் போனால் மேல்பக்கக் கம்பிகளில் பத்தாயிரம் வோல்ட் வரைக்கும் எழும்பும். லைன் கிளியர், அதாவது லைனில் வேலை செய்ய அனுமதி வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து வைத்துவிட்டு, மேலிருந்து கரண்ட் வராது என்ற உறுதியில்தான் லைன்மேன் கம்பம் ஏறுகிறார், அவருக்குக் கரண்ட் கீழேயிருந்து வருகிறது, நம் வீட்டு ஹாலிலிருந்து. கம்பியைத் தொடுவதற்கு முன் அதைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போடவேண்டும் என்ற விதி இருக்கிறதுதான். புயலுக்கு அப்புறம் வெளி மாவட்டத்திலிருந்தும் பக்கத்து மாநிலத்திலிருந்தும் வந்து, நமக்காகத் தூக்கமில்லாமல் கம்பம் நடுகிறவரின் உயிரை அந்த ஒரு விதியை மட்டும் நம்பி நாம் விடக்கூடாது.

"சின்ன ஜெனரேட்டர்தானே, தெருவையே இழுக்க முடியாமல் தானாக நின்றுவிடும்" என்பார்கள். தெரு முழுக்க இணைந்திருந்தால் நிற்கலாம். புயலில் கம்பி அறுந்து நம் வீட்டோடு ரெண்டு கம்பம் மட்டும் தனியாகத் தொங்கினால் அதை இழுக்க எந்தச் சிரமமும் இல்லை, நிற்காது. ஒரு கேவிஏ அளவுள்ள சின்ன ஜெனரேட்டர் 4 ஆம்பியர் தரும், ஆனால் ஆளைக் காப்பாற்றுவதற்கென்று வீட்டில் வைக்கிற ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும்படி செய்யப்பட்டது. வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுவோம்" என்பது அடுத்த பதில். ஒவ்வொரு முறையும், இருட்டில், மழையில், வீட்டில் இருக்கும் எல்லோருமா? பக்கத்து வீட்டில் லைட் எரிந்ததும் நமக்கும் வந்துவிட்டதா என்று பார்க்க யாராவது மெயினைத் தூக்குவார்கள், அந்த நிமிடம் இபி கரண்டும் ஜெனரேட்டரும் நேருக்கு நேர் மோதும், ஜெனரேட்டருக்குள் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் கருகிப்போகும். ஞாபகத்தை நம்பி உயிரை வைக்கிற ஏற்பாடு எனக்குச் சம்மதமில்லை.

சேஞ்ச்ஓவர் சுவிட்சில் ஞாபகத்துக்கு வேலையே இல்லை. கைப்பிடி ஒன்றுதான்: ஒரு பக்கம் இபி, நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர். ரெண்டும் ஒரே நேரத்தில் சேர அதன் உடம்பிலேயே வழி கிடையாது. ஜெனரேட்டருக்குக் கொடுக்கிற பணத்தோடு ஒப்பிட்டால் விலையும் பெரிதில்லை. ஒன்று மட்டும் கறாராகச் சொல்லி வாங்குங்கள், நியூட்ரலும் சேர்ந்து மாறவேண்டும். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு டபுள் போல் (இரண்டு ஒயரையும் மாற்றுவது), மூணு பேஸ் வீட்டுக்கு நாலு போல் (நாலு ஒயரையும் மாற்றுவது). பேஸ் சேஞ்சர் என்று இன்னொரு சுவிட்ச் இருக்கிறது, அது மூன்று பேஸில் எது இருக்கிறதோ அதற்கு மாற்ற மட்டும்தான், இதற்கு ஆகாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனே மாட்டட்டும்.

மாற்றும்போது முதலில் ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, கைப்பிடியை நடுவில் வைத்து, ஜெனரேட்டரைத் திறந்த வெளியில் ஓடவிட்டு, அது சீரானதும் கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். இபி திரும்பி வந்தாலும் உடனே மாற்றவேண்டாம், வோல்டேஜ் நிலைக்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

இன்வெர்ட்டர் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சே மாற்றிவிடுகிறது, யுபிஎஸ் மோடில் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில். கூரையில் இபி லைனோடு இணைந்த ஆன்கிரிட் சோலார் போட்டவர்கள், உச்சி வெயிலிலும் இபி போனால் தங்கள் வீட்டிலும் கரண்ட் போகிறது என்று கோபப்படுகிறார்கள். அது பழுதில்லை, கம்பத்தில் இருப்பவருக்காகவே இபி போனதும் தானும் நின்றுவிடும்படி அந்தக் கருவியைச் செய்திருக்கிறார்கள். அதே ஏற்பாட்டை ஜெனரேட்டருக்கு நாம்தான் கையால் செய்துகொள்ளவேண்டும்.

புயல் நேரத்தில் தண்ணீர் ஏற்ற மட்டும் வாடகைக்கு எடுப்பதானால் வீட்டு வயரிங்கையே தொடவேண்டாம். மோட்டாரின் ஒயரை வீட்டு இணைப்பிலிருந்து முழுசாகக் கழற்றி நேராக ஜெனரேட்டரில் கொடுக்கச் சொல்லுங்கள். செட் கொண்டுவருகிறவர் அவசரத்தில் பிளக் பாயிண்டில் செருகப் பார்த்தால் தயங்காமல் தடுத்து நிறுத்துங்கள்.