மேலே கார், கீழே ரயில்

சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் தலை நரைத்தவன் நான். மற்றவர்கள் பாலத்தைப் படம் எடுப்பார்கள். நான் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஒரேசுண்ட் பாலத்துக்கு அடியில் கடல். அதனால் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், சுவீடனின் மால்மோ நகருக்குப் போகும் ரயில் ஏறி சன்னலோரம் பிடித்தேன்.

முதலில் கடலடிச் சுரங்கம். பக்கத்தில் விமான நிலையம் இருப்பதால் அங்கே பாலத்துக்கு உயரமான கோபுரம் எழுப்ப முடியாது. பிறகு பெபர்ஹோல்ம் என்ற செயற்கைத் தீவு. அப்புறம்தான் பாலம்: 7,845 மீட்டர், 2000இல் திறந்தது. நடுவில் 490 மீட்டருக்குத் தூணே கிடையாது. 204 மீட்டர் உயரக் கோபுரங்களிலிருந்து இறங்கும் கம்பிவடங்களே தாங்குகின்றன.

வடத்தில் தொங்கும் மெல்லிய தளம் ரயிலின் பாரத்துக்கு வளைந்து கொடுக்கும். எனவே மேலே நான்குவழிச் சாலை, கீழே இரட்டைத் தண்டவாளம், இரண்டையும் பிணைத்து ஆழமான எஃகுச் சட்டகம். அதன் சாய்ந்த கைகள் சன்னலில் சடசடவென ஓடின; கடல் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. (முழுக் காட்சி, சுங்கம் கட்டிக் காரில் போகிறவர்களுக்கே.) அந்தக் கைகளின் சாய்வும் வடங்களின் சாய்வும் ஒன்றே. வரைந்தவர் ரசனைக்காரர்.

“மலேசியாவுக்குப் போகும் நம் உட்லண்ட்ஸ் கடற்பாலத்திலும் ரயில் போகிறதே” என்றாள் மனைவி. அது பாலமே அல்ல, கருங்கல் கொட்டிக் கடலை அடைத்து 1924இல் திறந்த கரை என்று ஆரம்பித்தேன். மால்மோ வரும்வரை விடவில்லை.