கோப்பை வேண்டாம், ஃப்ளெக்ஸ் இருக்கிறதா?

எங்கள் பள்ளி வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம், அரசு உதவி பெறுவது. ரோபோ குழு இயங்கிய அறையை ஸ்மார்ட் வகுப்பாக மாற்றுவது என்று முடிவானதும், அங்கிருந்த சாமான்கள் காயலான் கடைக்குப் போய்விடக் கூடாதே என்று நானும் பழைய மாணவர்கள் சிலரும் களத்தில் இறங்கினோம். பக்கத்திலேயே ஒரு சின்ன வட்டார வரலாற்று ஆவணக் காப்பகம் உண்டு. பின்னி மில் சீட்டுகள், ராயபுரம் ரயில் நிலையப் படங்கள், குத்துச்சண்டை நோட்டீஸ்கள் என்று சேர்த்து வைத்திருப்பவர்கள். கோப்பைகளையும் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அங்கே போனோம்.

பொறுப்பாளர் மேடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி சார், இதுல வடசென்னை எங்க இருக்கு?" என்றார். கூட வந்த பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கேள்வி நியாயமானது. இதே தங்க முலாம் பிளாஸ்டிக் கோப்பை அண்ணா நகர்ப் பள்ளியிலும் இருக்கும், கோயம்புத்தூரிலும் இருக்கும். அறையை ஒருமுறை நேரில் பார்க்கிறேன் என்று அவரே கிளம்பி வந்தார்.

வந்தவர் நேராகப் போய் நின்றது மூலையில் சுருட்டிக் கிடந்த ஃப்ளெக்ஸிடம். கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் ரோபோவுக்கு எங்கள் பயிற்சிக் களம் அதுதான். போட்டிக்கான அசல் மேட் வாங்கக் காசில்லாததால், தெருவில் கழற்றிப் போட்ட ஒரு காதுகுத்து விழா பேனரைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார்கள். முன்பக்கம் மொட்டைத் தலையோடு குழந்தை, சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள். "கோப்பை வேண்டாம், இதைக் கொடுங்க" என்றார் மேடம். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்தார்: ஒரு மாணவனின் அப்பா தான் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் வெட்டிக் கொடுத்த அலுமினியத் தகடு, முன்சக்கரத்துக்குப் பதிலாகக் கோலிக்குண்டு பொருத்திய வண்டி, "ரைட் மோட்டார் இழுக்குது, யாரும் கைவைக்காதே" என்று எழுதிய நோட்டு, ரிச்சி தெரு மின்னணுக் கடைகளின் ரசீதுகள்.

எடுத்துக் கொடுத்துவிட முடியுமா? அங்கேதான் இழுபறி. பள்ளி மானியத்தில் வாங்கிய எதுவும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும். எங்கள் ஆய்வகம், பள்ளிகளில் செய்துபார்க்கும் கூடங்கள் அமைக்க மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் வந்தது. அந்தப் பொருள்களை முறைப்படி கழிவு செய்யாமல் வாசலைத் தாண்ட விடமாட்டேன் என்று அலுவலக எழுத்தர் சொல்லிவிட்டார். அவர் வேலை அது. ஆகவே பதிவேட்டில் இருப்பது ஒரு மேசை, மாணவர்கள் கைக்காசில் செய்தது இன்னொரு மேசை என்று பிரித்தோம். காப்பகம் கேட்டவை பெரும்பாலும் இரண்டாவது மேசையில் இருந்தன. ரோபோ கட்டுவதற்கான லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் பெட்டி பள்ளியிலேயே தங்கிவிட்டது. அதன் படம் மட்டும் போனது.

இதே வேலையில் இறங்குபவர்கள் முதலில் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். ரிமோட்டில் மறந்துபோன ஆல்கலைன் செல் கசிந்து, வெள்ளைப் பொடி பூத்துத் தகட்டை அரித்திருந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தோம். உப்பிப்போன லித்தியம் பேட்டரியை எந்தக் காப்பகமும் வாங்காது, வாங்கவும் கூடாது, தீப்பிடிக்கும். அதைக் குப்பையிலும் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தோம். ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சானவை, எழுத்து மங்கிக்கொண்டே போகும். அன்றைக்கே ஸ்கேன் செய்துவிட்டோம். ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். எங்கள் ஊர்க் கடல்காற்றில் பின் துருவேறித் தாளையும் கெடுத்துவிடும். சான்றிதழைப் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்யாதீர்கள், திரும்பப் பிரிக்க முடியாது. ஃப்ளெக்ஸை மடிக்காமல், அமிலமில்லாத தாள் சுற்றிய குழாயில் சுருட்டினார்கள். கீழ்த்தட்டு மட்டும் வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நிரல்கள் தனிக் கதை. வண்டியை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன மின்பலகைக்கு எழுதிய நிரல் வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கும். மைண்ட்ஸ்டார்ம்ஸ் கோப்புகளுக்கு அதற்கான மென்பொருளே வேண்டும். லெகோ அந்த வரிசையையே 2022-இல் நிறுத்திவிட்டது. அதனால் திரையில் தெரியும் கட்டங்களைப் படமாக எடுத்து பிடிஎஃப் ஆக்கி, வண்டி ஓடும் வீடியோவோடு சேர்த்துக் கொடுத்தோம்.

புகைப்படங்களுக்கு ஒப்புதல் வாங்குவதில்தான் அதிகம் அலைந்தோம். படத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் இப்போது பதினெட்டைத் தாண்டியவர்கள், அவர்களே கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. ஒரு அம்மா, "என் பொண்ணு படம் ஆன்லைன்ல வரக்கூடாது, அங்க வந்து பாக்குறவங்க பாக்கட்டும்" என்றார். நன்கொடைப் படிவத்தில் அப்படியே நிபந்தனையாக எழுதிச் சேர்த்தார்கள்.

வாய்மொழிப் பதிவுகள் இன்னும் பாக்கி. லேத் பட்டறை அப்பாவிடம் முதலில் பேச வேண்டும் என்கிறார் மேடம். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு, காப்பகத்துக்கும் அன்றுதான் விடுமுறை. அதனால் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போவதாக இருக்கிறோம். கோப்பைகள் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்.