டர்பன் பையன்களின் அமெரிக்க எல்பி

தி ஃப்ளேம் என்ற குழுவைப் பற்றி எங்கே படித்தாலும் அது பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் கதையாகத்தான் இருக்கிறது. அதில் ஒருவரான கார்ல் வில்சன் லண்டனில் ஒரு கிளப்பில் இவர்களைக் கேட்டார், அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், ஒரு ஆல்பம் போட்டார்கள், அது விற்கவில்லை, அப்புறம் இவர்களில் இரண்டு பேர் பீச் பாய்ஸில் சேர்ந்தார்கள். ஆல்பத்துக்கு ஒரே ஒரு வரி! நான் எழுத நினைப்பது அந்த ஒரு வரிக்குள் போன ஆல்பத்தைப் பற்றி, ஏனென்றால் அதைப் பாடியவர்கள் எங்கள் ஊர்ப் பையன்கள், அந்த எல்பி இசைத்தட்டு நன்றாக இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1963ல் ஸ்டீவ் ஃபட்டார் தொடங்கிய குழு இது, அப்போது பெயர் தி ஃப்ளேம்ஸ். ஸ்டீவ் கிட்டார். அவர் சகோதரர் எட்ரிஸ் பேஸ் கிட்டார் வாசித்தார், அவரை எல்லாரும் பிரதர் என்றே கூப்பிட்டார்கள். இன்னொரு சகோதரர் ரிக்கி டிரம்ஸ், சேரும்போது சின்னப் பையன். 1967 வாக்கில் பிளாண்டி சாப்ளின் வந்து சேர்ந்தார், அவருக்கும் மீசை சரியாக முளைக்காத வயசுதான். இந்த நால்வரும் நிறவெறிச் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர் அல்லாதவர்கள். இங்குள்ள நம் இந்திய ஆட்களைப் போலவே எங்கே வீடு கட்டலாம், எந்தக் கடற்கரையில் கால் நனைக்கலாம் என்பதெல்லாம் இவர்களுக்கும் அரசாங்கம்தான் முடிவு செய்தது. 1950ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் டர்பனின் தெருக்களை இனவாரியாகப் பிரித்தது, 1965க்குப் பிறகு அரங்குகளில் பல இனத்தாரும் கலந்து உட்காரவும் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு குழு ஊர் ஊராகப் போய் வாசித்துப் பேர் வாங்குவது என்றால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

என் பெரியப்பா அந்தக் காலத்து ஆள். டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் பேஸ் கிட்டார் வாசித்தவர். முதல் பாதி முழுக்கத் தமிழ், இந்தி சினிமாப் பாட்டு, பெரியவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு இளவட்டங்களுக்காக ஆங்கிலப் பாட்டு. அந்த இரண்டாம் பாதியில் ஃப்ளேம்ஸ் பாட்டு இல்லாமல் இருக்காது என்பார். இரவில் மொசாம்பிக்கிலிருந்து வரும் எல்எம் ரேடியோவை இரைச்சலுக்கு நடுவே தேடிப் பிடித்து, பாட்டைக் கேட்டுக் கேட்டே பேஸ் வரியை விரலில் ஏற்றிக்கொள்வார்களாம். தாத்தா வீட்டு ரேடியோகிராமுக்குக் கீழே அவருடைய செவன் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சின்ன இசைத்தட்டு, அடுக்கு இன்னும் இருக்கிறது, அதில் 'ஃபார் யுவர் பிரெஷியஸ் லவ்' மட்டும் உறை கிழிந்து, செய்தித்தாளில் மடித்த புது உறையோடு இருக்கும். லேபிளைச் சுற்றி வெள்ளையாகத் தேய்ந்துபோன அளவுக்கு ஓட்டியிருக்கிறார்.

அந்தப் பாட்டைச் சொல்லாமல் அமெரிக்க ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. 1958ல் ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸும் பாடிய பழைய சோல் பாட்டு அது, கறுப்பின அமெரிக்கர்களின் உருக்கமான பாணி. ஃப்ளேம்ஸ் 1968ல் அதை எடுத்துப் பாடினார்கள், பிளாண்டியின் அந்த உயரக் குரலோடு. தென்னாப்பிரிக்கா முழுக்க அது பெரிய ஹிட். அதே வருஷம் வந்த 'சோல்ஃபயர்' எல்பியும் பெயருக்கு ஏற்ற மாதிரி சோல்தான். ஆக ஊரில் இவர்களை எல்லாருக்கும் தெரிந்தது மற்றவர்களின் பாட்டைத் தங்கள் குரலில் உருக்கிப் பாடுகிற சோல் குழுவாக. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அப்புறம் லண்டன். கென்சிங்டனில் பிளெய்ஸஸ் என்ற கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது, 1969ல், பீச் பாய்ஸின் கார்ல் வில்சன் இவர்களைக் கேட்டார். பீச் பாய்ஸுக்குச் சொந்தமாக பிரதர் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு லேபிள், அதாவது இசைத்தட்டுக் கம்பெனி, இருந்தது. அந்த லேபிளில் எடுத்துக்கொண்டு, கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்து, ஆல்பத்தை கார்லே தயாரித்தார். பீச் பாய்ஸ் அல்லாத ஒரு குழுவுக்கு அந்த லேபிள் போட்டது இந்த ஒரே ஆல்பம்தான். ஒரு சங்கடம், அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவுக்கு ஃபேமஸ் ஃப்ளேம்ஸ் என்று பெயர். குழப்பம் வேண்டாம் என்று இவர்கள் பெயரின் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு தி ஃப்ளேம் ஆனார்கள். ஊரில் ஏற்கெனவே எல்பிகள் போட்டவர்கள், அங்கே புதுப் பெயரில், முதல் ஆல்பம் போடுகிற புதுக் குழு.

1970ல் அது வெளிவந்தது, தலைப்பும் 'தி ஃப்ளேம்' தான். பாட்டுகள் எல்லாம் அவர்களே எழுதியவை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். நான்கு வருஷம், ஐந்து வருஷம் அடுத்தவர் பாட்டைப் பாடிக் கைதட்டல் வாங்கிய பையன்கள், வாய்ப்பு வந்தவுடன் தங்களைத் தூக்கிவிட்ட பாணியை ஒதுக்கிவைத்துவிட்டு, சொந்தப் பாட்டோடு உள்ளே போகிறார்கள். ஆல்பம் 'சீ த லைட்'டில் தொடங்குகிறது, கிட்டாரும் டிரம்மும் கொஞ்சமும் தயங்காமல் இறங்கும், குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். 'கெட் யுவர் மைண்ட் மேட் அப்' ஆல்பத்திலேயே முரட்டுப் பாட்டு. 'லேடி' அப்படியே எதிர்ப்பக்கம், மெதுவாக, மென்மையாக. 'டோன்ட் வொர்ரி, பில்' கேட்டால் யாரிடம் சொன்னாலும் பீட்டில்ஸ் என்றுதான் சொல்வார்கள், அந்த அளவுக்கு மெட்டின் வளைவிலும் கூட்டுக் குரலிலும் பீட்டில்ஸின் ஊரான லிவர்பூல் வாசம். கடைசியில் 'சீ த லைட்' இன்னொரு தடவை வந்து போகும்.

ரிக்கியின் டிரம்ஸை மட்டும் தனியாகக் கவனித்து ஒரு முறை கேளுங்கள். அவருக்கு அப்போது இருபது வயசுகூட ஆகவில்லை. எங்கே அடிக்க வேண்டும் என்பதைவிட எங்கே அடிக்காமல் விட வேண்டும் என்பது தெரிந்த கை. பாடகன் மூச்சு எடுக்கிற இடத்தில் டிரம்ஸும் மூச்சு எடுக்கும். டர்பன் நடன அரங்குகளில் வருஷக்கணக்காகப் பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்த பழக்கம் அது என்பது என் எண்ணம், ஸ்டுடியோவில் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

சரி, இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் ஓடவில்லை? 'சீ த லைட்' சிங்கிளாக வந்து அமெரிக்காவின் பிரபலமான நூறு பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் கடைசிப் படிகளில் நின்றுவிட்டது. ஆல்பமும் அப்படியே போயிற்று. பீட்டில்ஸைப் பிரதி எடுத்தார்கள் என்று சிலர் காரணம் சொல்கிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. பீட்டில்ஸ் உடைந்தது 1970 ஏப்ரலில். அந்தச் சத்தத்துக்கு ஏங்கிக்கொண்டு கேட்கிறவர்கள் எவ்வளவோ பேர் இருந்தார்கள், அதே வருஷம் பேட்ஃபிங்கர் குழு அதே வழியில் போய் 'நோ மேட்டர் வாட்' பாட்டில் ஜெயித்ததே. பேட்ஃபிங்கருக்குப் பின்னால் பீட்டில்ஸின் ஆப்பிள் லேபிளே இருந்தது, ரசிகர்களுக்கு இவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று உடனே புரிந்தது. ஃப்ளேமைப் பார்த்த அமெரிக்கனுக்கு என்ன புரிந்திருக்கும்? பெயர் புதிது, லேபிள் பீச் பாய்ஸுடையது, சத்தம் இங்கிலாந்துச் சத்தம், ஆட்கள் ஆப்பிரிக்காவிலிருந்து. கடைக்காரர் எந்தத் தட்டில் வைப்பார்? அதோடு பீச் பாய்ஸே அப்போது அமெரிக்காவில் செல்வாக்கு இழந்து நின்ற காலம், அவர்களுடைய 'சன்ஃப்ளவர்' ஆல்பமே அந்த வருஷம் சரியாகப் போகவில்லை. தன் பாட்டை விற்கவே திணறுகிறவர் இன்னொருவரைத் தூக்கிவிடுவது எப்படி?

இந்தப் பக்கம் ஊரில் நடந்தது வேறு. இங்கே இவர்களுக்கு ரசிகர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் காத்திருந்தது அடுத்த 'பிரெஷியஸ் லவ்'வுக்கு. பெரியப்பாவுக்கு இந்த ஆல்பத்தை நான்தான் போட்டுக் காட்டினேன், அவருக்கு எழுபது தாண்டிய பிறகு. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டு கேட்டார். "இது நம்ம ஃப்ளேம்ஸ் இல்லைடா. சோல் எங்கே?" என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 'லேடி' வந்தபோது அவருடைய விரல்கள் முட்டியின்மேல் பேஸ் வரியைத் தேட ஆரம்பித்துவிட்டன, "இன்னொரு தடவை போடு, பிரதர் என்ன பண்றான்னு பார்க்கணும்" என்றார். அன்று மாலை முழுக்க அதுதான் ஓடியது.

ஆல்பம் விழுந்ததுமே குழுவும் கலைந்தது. 1972ல் ரிக்கியும் பிளாண்டியும் பீச் பாய்ஸில் சேர்ந்தார்கள், 1973ல் வந்த 'ஹாலண்ட்' ஆல்பத்தில் 'செயில் ஆன், செயிலர்' பாடியது நம் பிளாண்டிதான். அந்தப் பாட்டைப் புகழ்கிறவர்கள் ஃப்ளேம் ஆல்பத்தைக் கேட்டிருந்தால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட மாட்டார்கள், மூன்று வருஷத்துக்கு முன்பே அது முழு உருவில் அங்கே இருக்கிறது. பிளாண்டி பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் மேடையில் பாடினார், ரிக்கி அமெரிக்கப் பாடகி போனி ரெயிட்டுக்கு வருஷக்கணக்கில் டிரம்ஸ் வாசித்தார். ஸ்டீவ் டர்பனுக்கே திரும்பி வந்து இங்கேயே வாசித்துக்கொண்டிருந்தார், 2020ல் காலமானார். குழுவைத் தொடங்கிய மனிதர், மற்ற இருவரின் கதையில் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார். அது நியாயமே இல்லை. அந்த எல்பியில் பாதி குணம் அவர் கிட்டாரில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். கலைவதற்கு முன்னால் இவர்கள் இரண்டாவது ஆல்பத்துக்கும் பாட்டுகள் பதிவு செய்தார்கள், அது வெளிவரவே இல்லை. பீச் பாய்ஸின் கிழிசல் டேப்புகளைக்கூடப் பெட்டி பெட்டியாகப் போட்டு விற்கிற காலம் இது. அந்த இரண்டாவது ஆல்பத்தையும் யாராவது தூசி தட்டி எடுத்துப் போடட்டும், அட்டையில் டர்பன் என்று பெரிதாக அச்சடித்து. பெரியப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று வாங்கிவிடுவேன்.