மகள் கவுண்டி கோல்ஃப் அணிக்குப் போன வழி

எங்கள் மகள் மிடில்செக்ஸ் கவுண்டியின் (கவுண்டி என்றால் இங்கிலாந்தில் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு) சிறுமியர் அணியில் ஆடத் தொடங்கியதிலிருந்து லண்டனின் ஹரோவிலும் வெம்பிளியிலும் உள்ள தமிழ்ப் பெற்றோர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "யாரைப் பிடித்தீர்கள்?" யாரையும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்த நாட்டில் அமெச்சூர் கோல்ஃப், அதாவது தொழிலாக இல்லாமல் ஆடும் கோல்ஃப், ஓர் ஒழுங்கோடு நடக்கிறது. வேலிக்கு வெளியே நிற்பவருக்கு அந்த ஒழுங்கு தெரிவதில்லை, அவ்வளவுதான். நாங்கள் போன வழியை எழுதிவைக்கிறேன். அடுத்துப் போகும் குடும்பத்துக்கு அலைச்சல் குறையட்டும்.

நாட்டளவில் இங்கிலாந்து கோல்ஃப் என்ற அமைப்பு இருக்கிறது. ஆண்களுக்காக 1924இல் தொடங்கிய யூனியனும் பெண்களின் சங்கமும் 2012இல் ஒன்றாகச் சேர்ந்து உருவானது அது. தலைமையகம் லிங்கன்ஷயரில் உள்ள வூட்ஹால் ஸ்பா. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு வூட்ஹால் ஸ்பாவால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியவை இரண்டு: வீட்டுக்கு அருகில் ஒரு கிளப், அந்தக் கிளப் இணைந்திருக்கும் கவுண்டி. கிளப் உறுப்பினர் கட்டும் சந்தாவிலேயே கவுண்டிக்கு ஒரு சிறு பங்கும் நாட்டு அமைப்புக்கு ஒரு சிறு பங்கும் போய்விடுகின்றன. பயிற்சி, அணித் தேர்வு, கவுண்டிச் சாம்பியன் போட்டி, மைதானங்களை அளப்பது என்று கீழ்மட்ட வேலையின் பெரும்பகுதி கவுண்டியின் தலையில்தான். அந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள்.

மிடில்செக்ஸ் என்று ஒரு கவுண்டி ஆட்சி வரைபடத்தில் இப்போது இல்லை. 1965இல் பெருநகர லண்டன் உருவானபோது அதன் நிர்வாகம் கலைக்கப்பட்டது. ஹரோவும் ஹெண்டனும் லண்டனின் பகுதிகளாகிவிட்டன. கோல்ஃப், கிரிக்கெட் போன்ற விளையாட்டுகள் மட்டும் பழைய எல்லையை விடவில்லை. ஆகவே ஸ்டான்மோர், நோர்த்வூட், பின்னர் ஹில் பக்கம் உள்ள ஒரு கிளப்பில் பிள்ளை சேர்ந்தால், அவள் ஆடப்போவது மிடில்செக்ஸுக்கு. எங்கள் சனத்தில் பலருக்கு இது தெரியாததால் லண்டன் அணி என்று எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மகளின் தொடக்கம் கேர்ள்ஸ் கோல்ஃப் ராக்ஸ் என்ற திட்டம். இங்கிலாந்து கோல்ஃபும், 1952 முதல் சிறுவர்களுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கோல்ஃப் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையும், கவுண்டிகளும் சேர்ந்து நடத்துவது. முதல் வகுப்பு இலவசம். பிடித்திருந்தால் சில வாரப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம். மட்டை, பந்து எல்லாம் அவர்களே தருகிறார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, கவுண்டி அணியில் ஆடும் பெரிய பிள்ளைகள் அங்கே உதவிக்கு வந்து நிற்பதுதான். கவுண்டிச் சின்னம் போட்ட சட்டையோடு பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மகளின் பக்கத்தில் குந்தியிருந்து, மட்டையில் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டினாள். கவுண்டி என்ற ஒன்று இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

எனக்கு அதுவரை கோல்ஃப் என்றால் களனிவெளி ரயிலின் சன்னல்தான். 1879இல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்தை ஊடறுத்துக்கொண்டு அந்தத் தண்டவாளம் போகிறது. பெட்டிக்குள் நெருக்கியடித்து நிற்கும் எங்களுக்கு இரு பக்கமும் பச்சை தெரியும், பிறகு மறைந்துவிடும். இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் வந்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் அதே கிளப்பில் இளையோர் உறுப்பினராக அவளைச் சேர்த்தோம். பெரியவர்களின் சந்தாவைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பல கிளப்புகளில் இளையோர் சந்தா அதில் சிறு பங்குதான். சேர்க்கும் முன்பு இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளைகளின் நலனுக்குப் பொறுப்பான அதிகாரி யார், வார இறுதியில் பிள்ளைகள் எத்தனை மணிக்கு ஆடலாம். இரண்டாவது கேள்வியில்தான் நாங்கள் சிரமப்பட்டோம். சனிக்கிழமைக் காலை முழுவதும் பெரியவர்களுக்கே என்றார்கள். பிள்ளைக்குக் கிடைத்தது மாலை நாலு மணிக்குப் பின். மாரி காலத்தில் லண்டனில் நாலு மணிக்கு இருட்டிவிடும். கிளப்பின் மகளிர் கேப்டன்தான் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, ஞாயிறு மதியத்துக்கு முன் இளையோருக்கென்று ஒரு நேரம் வாங்கிக்கொடுத்தார். பிள்ளைகளை உள்ளே எடுத்துவிட்டு ஆட நேரம் தராத கிளப், தன் எதிர்காலத்தைத் தானே பூட்டிவைக்கிறது என்பது என் திடமான எண்ணம்.

இனி முக்கியமான கட்டம். நம்மவர்கள் விலையுயர்ந்த பயிற்சியாளரைத் தேடி ஓடுகிறார்கள். நான் சொல்வது: முதலில் ஹேண்டிகேப் எண்ணை வாங்குங்கள். ஆடுபவரின் திறனைக் காட்டும் எண் அது, குறையக் குறைய நல்லது. கவுண்டிக்கு எழுதினாலும் போட்டிக்கு விண்ணப்பித்தாலும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். பிள்ளையின் பெயரோ பள்ளியோ அப்பாவின் தொழிலோ அந்த எண்ணில் இல்லை.

இங்கிலாந்தில் 2020 நவம்பரிலிருந்து உலக ஹேண்டிகேப் முறை நடப்பில் இருக்கிறது. முதல் எண் கிடைக்க மொத்தம் 54 குழிகளுக்கான அட்டைகள், அதாவது ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று எழுதிய தாள்கள், போதும். 18 குழி ஆட்டம் மூன்று ஆடலாம், அல்லது ஒன்பது குழி ஆட்டங்களையும் கலந்து ஆடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்பதே நல்லது, கால் வலிக்காது. முதல் எண்ணுக்கான அட்டைகளில், ஒரு குழியில் எத்தனை முறை அடித்தாலும் பாருக்கு (அந்தக் குழிக்கு நியமித்த அடிகளுக்கு) மேல் ஐந்து வரைதான் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே ஒரு மணற்பள்ளத்தில் விழுந்து பன்னிரண்டு அடி அடித்தாலும் பிள்ளை அழத் தேவையில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மைதானத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று கோர்ஸ் ரேட்டிங், அதாவது மிக நன்றாக ஆடுபவருக்கு அங்கே தேவைப்படும் அடிகள். மற்றது ஸ்லோப், அதாவது சாதாரணமாக ஆடுபவருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்பது. ரேட்டிங் 70.4, ஸ்லோப் 125 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 112 அடியில் முடித்தால், 112இல் 70.4ஐக் கழித்து, வரும் 41.6ஐ 113ஆல் (எல்லா மைதானத்துக்கும் ஒரே எண்) பெருக்கி 125ஆல் வகுக்க வேண்டும். விடை 37.6. அன்றைய காற்றும் மழையும் ஆட்டத்தைக் குழப்பியிருந்தால் அதற்கும் ஒரு சிறு திருத்தம் உண்டு. மூன்று அட்டைகளில் மிகக் குறைந்தது இதுவென்றால், இதிலிருந்து 2 கழித்து 35.6 என்று முதல் எண் வரும். மிக அதிகமாக 54 வரை போகலாம். பிறகு அட்டைகள் சேரச் சேர, கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரியே அவளுடைய எண். மோசமான நாட்கள் மீதிப் பன்னிரண்டுக்குள் அமுங்கிவிடும். சின்னப் பிள்ளைக்கு இதைவிட நியாயமான கணக்கு வேறு விளையாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ரேட்டிங் எப்படி வருகிறது என்று ஒருநாள் நேரில் பார்த்தேன். கவுண்டியின் தன்னார்வலர்கள் சிலர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், அளவு கருவியும் தாள்களுமாக வந்தார்கள். நன்றாக ஆடும் பெண் முதல் அடியில் 210 கெஜம் அடிப்பாள், சாதாரணமாக ஆடும் பெண் 150 கெஜம் அடிப்பாள் என்பது அவர்களின் அளவுகோல். 150 கெஜத்தில் ஒருவர் போய் நின்றார். அங்கிருந்து வலது பக்க மரம் எத்தனை கெஜம், மணற்பள்ளம் எத்தனை கெஜம், புல்லின் உயரம் என்ன, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர் எழுதினார். அடுத்து 210 கெஜத்தில் நின்று அதையே மீண்டும் செய்தார்கள். ஆண்களுக்கு 250, 200 என்று வேறு அளவுகள். பதினெட்டுக் குழிகளுக்கும் இதே வேலை, தூறலில். மகளின் எண்ணை நான் நம்புவதற்கு அன்று பார்த்ததே காரணம்.

அட்டை என்பது பிள்ளைக்குப் பெரிய பொறுப்பு. கூட ஆடுபவர்தான் உங்கள் எண்ணிக்கையைக் குறிப்பார், நீங்கள் அவருடையதை. ஒவ்வொரு குழி முடிந்ததும் இருவரும் வாய்விட்டுச் சொல்லி ஒத்துப்பார்க்க வேண்டும். முடிவில் மேசையில் உட்கார்ந்து மீண்டும் ஒருமுறை. கையெழுத்துப் போட்ட அட்டையில் ஒரு குழிக்கு அடித்ததைவிடக் குறைவாக எழுதியிருந்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். நடுவர் கூடவே நடப்பதில்லை. பெரும்பாலான இளையோர் போட்டிகளில் பெற்றோர் புல்வெளிக்குள் வரவும் கூடாது, தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும். ஒரு போட்டியில் மகள், தன்னால் பந்து புல்லுக்குள் அசைந்ததை வேறு யாரும் காணாதபோதும் தானே சொல்லி ஓர் அடி தண்டம் ஏற்றுக்கொண்டாள். அந்த ஓர் அடியில் பரிசு போனது. எனக்கு அன்று வந்த பெருமை எந்தப் பரிசிலும் வந்திருக்காது.

எண் இறங்கத் தொடங்கியதும் கவுண்டியின் சிறுமியர் பிரிவு அமைப்பாளருக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன். பெயர், வயது, கிளப், ஹேண்டிகேப், அவ்வாண்டு ஆடிய போட்டிகள். அவ்வளவே. கிளப் வழியாகத்தான் போக வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. தேர்வு நாளில் அவர்கள் கவனித்தது தூரமாக அடிக்கும் பிள்ளையை மட்டுமல்ல. கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லுக்கு) பக்கத்தில் என்ன செய்கிறாள், மோசமாக அடித்தபின் எப்படி நடக்கிறாள், சொந்த மைதானத்துக்கு வெளியே ஆடிய அட்டைகள் இருக்கின்றனவா என்றெல்லாம் பார்த்தார்கள். கடைசி விஷயத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தன் மைதானத்தில் மட்டும் நன்றாக ஆடும் பிள்ளைகள் பலர். மற்ற கிளப்புகள் நடத்தும் இளையோர் திறந்த போட்டிகளுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மாரி காலத்தில் கவுண்டிப் பயிற்சி, வசந்தம் தொடங்கியதும் அண்டைக் கவுண்டிகளோடு ஆட்டம். முதல் ஆட்டத்தில் காலையில் ஃபோர்சம்ஸ், மதியம் ஒற்றையர். ஃபோர்சம்ஸ் என்றால் இருவருக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். மகள் பந்தை மரத்துக்குள் அனுப்பினால் அடுத்த அடி தோழியினுடையது. மரத்துக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை பந்தைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தனியாக ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தைக் கவுண்டிதான் கொடுக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் அணித் தலைவி எழுந்து, விருந்தளித்த கிளப்புக்கும் புல் வெட்டுபவர்களுக்கும் சமையலறைக்கும் நன்றி சொன்னாள். பதினாறு வயதுதான் இருக்கும்.

செலவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். கவுண்டி ஒரு பகுதியை ஏற்றாலும் பயிற்சிக் கட்டணத்தில் பங்கு, சீருடை, எரிபொருள் எல்லாம் வீட்டுக்கணக்கில்தான் வருகின்றன. பல மைதானங்களுக்கு பஸ் இல்லை. பள்ளி விடுமுறையில், வார நாளில் நடக்கும் ஆட்டங்களுக்குப் பெற்றோரில் ஒருவர் விடுப்பு எடுத்தாக வேண்டும். இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு இது எப்படி முடியும்? எண்ணைப் பார்த்து எல்லோருக்கும் திறக்கும் கதவுக்குப் போய்ச் சேர ஒரு கார் வேண்டியிருப்பது நியாயமில்லை. இதைக் கவுண்டிக் கூட்டத்தில் சொன்னேன். இப்போது பெற்றோர் காரில் இடம் பகிர்ந்துகொள்ளும் பட்டியல் ஒன்று ஓடுகிறது. இன்னும் செய்ய நிறைய இருக்கிறது.

அமெச்சூர் நிலை பற்றியும் கேட்கிறார்கள். 2022இல் திருத்திய விதிகளின்படி ஒரு போட்டியில் அமெச்சூர் பெறக்கூடிய பரிசின் மதிப்பு 700 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகளின் போட்டிகளில் கிடைப்பது பெரும்பாலும் கிளப் கடையில் செலவழிக்கும் சீட்டுதான். ஆகவே கவலை வேண்டாம்.

ஆண்டுக்கணக்கு இப்படி வரும்: ஏப்ரலில் கிளப்பில் சேருங்கள், ஆகஸ்டுக்குள் முதல் அட்டைகளை முடித்து எண்ணை வாங்குங்கள், விடுமுறையில் வெளி மைதானங்களில் சில திறந்த போட்டிகள் ஆடட்டும், செப்டெம்பரில் கவுண்டி அமைப்பாளருக்கு எழுதுங்கள். கவுண்டியின் இணையப் பக்கத்தில் அவருடைய மின்னஞ்சல் முகவரி இருக்கும். பதில் வரச் சற்றுத் தாமதமானால் மனம் தளராமல் மீண்டும் எழுதுங்கள். அவரும் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து பதில் எழுதுபவர்தான்.