பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

2023 ஜூனில் தஞ்சைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்டபோது, ரயிலடியில் அப்பா சொன்ன புத்திமதி ஒன்றுதான்: "காவிரியைப் பற்றி யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே, அம்மா." 1991 டிசம்பரில் காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, அவருடைய சித்தப்பா குடும்பம் உடுத்திய துணியோடு ஊர் திரும்பியது. நான் அப்போது பிறக்கவே இல்லை. பயம் மட்டும் எனக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அல்சூரில் வீடு கிடைத்தது. கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். ஆனாலும் பஸ்ஸில் அம்மா அழைத்தால், "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுவேன். உடன் வேலை செய்பவள், "உங்கள் ஊரில் மழை எப்படி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். மழையில் தொடங்கும் பேச்சு அணைக்கட்டில் போய் நிற்கும் என்ற அச்சம்.

இத்தனைக்கும் நான் சட்டம் படித்தவள். பேச்சுரிமைக்கு எந்தெந்தக் காரணங்களால் வரம்பு விதிக்கலாம் என்று அரசியலமைப்பின் 19(2) சொல்வதை வரிசையாகச் சொல்வேன். பொது ஒழுங்கு இருக்கிறது, அவதூறு இருக்கிறது. மனம் புண்படுதல் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. இணையத்தில் எழுதியது பிறருக்கு எரிச்சலூட்டினாலே குற்றம் என்ற 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தபோது பள்ளியில் கைதட்டியவள் நான். என் வாயை எந்தச் சட்டமும் கட்டவில்லை. நானேதான் கட்டிக்கொண்டிருந்தேன்.

அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையின் கதையை இங்கே வந்த பிறகுதான் முழுதாகக் கேட்டேன். 1991-இல் வைத்த சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்திருக்கிறது. 2009 ஆகஸ்ட் 9-இல் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இன்று ஏரிக்கரை வழியே நடக்கிறவர்கள் யாரும் வள்ளுவரைப் பார்த்துக் கோபப்படுவதில்லை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

செப்டம்பர் 26, தமிழ்நாட்டுக்குக் காவிரித் தண்ணீர் விடுவதை எதிர்த்துப் பெங்களூரு பந்த். பக்கத்து வீட்டு அக்கா அக்கி ரொட்டி கொண்டுவந்தார். மண்டியாக்காரர், அல்சூரில் இருபது வருடம் இருந்ததில் தமிழ் நன்றாகவே வரும். அவரை அழைக்க எனக்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கவில்லை. கன்னடத்திலும் அக்கா அக்காதான். தொலைக்காட்சியில் மண்டியாப் போராட்டம் ஓடிக்கொண்டிருந்தது. "உங்கள் அப்பா பயிர் வைத்திருக்கிறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அந்தப் பொய்யோடு மாலை வரை இருக்க முடியவில்லை. அவர் கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டு அவரிடமே பொய். போய்க் கதவைத் தட்டினேன்.

"பொய் சொல்லிவிட்டேன் அக்கா. மூன்று ஏக்கர் குறுவை. கதிர் வரும் நேரத்தில் காய்ந்துவிட்டது. தண்ணீர் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "கண்ணம்பாடி அணையில் தண்ணீர் எங்கே இருக்கிறது? என் தம்பியின் கரும்பு காய்கிறது, தெரியுமா உனக்கு? நீ இங்கே குடிப்பதும் அதே காவிரிதான்." கதவு சாத்தப்பட்டது.

மூன்று நாள் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை கர்நாடகம் முழுவதும் பந்த். நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அப்பா சொன்னது சரிதானோ என்று பலமுறை நினைத்தேன். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற மட்டும் மனம் வரவில்லை. அவருடைய கோபமும் நியாயமாகத்தான் பட்டது. அது எனக்கு வலித்தது, அவ்வளவுதான். நான் சொன்னதும் அவருக்கு வலித்திருக்கும்.

சனிக்கிழமை காலை அவரே வந்தார். கைப்பேசியில் தம்பியின் கரும்புத் தோட்டப் படம். தோகை எல்லாம் பழுத்திருந்தது. "உங்கள் வயலைக் காட்டு," என்றார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். டிஎம்சி கணக்கில் நாங்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அன்றும் அரை மணி நேரம் வாதாடினோம். பிறகு, ஏக்கருக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் முன்னாலேயே அப்பாவை அழைத்தேன்.

கேள்வியைக் கேட்டதும் அப்பா குரலைத் தாழ்த்தினார். "பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?"

"பக்கத்து வீட்டு அக்கா. மண்டியாக்காரர். அவர்கள் வீட்டில் கரும்பு."

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு அப்பா சொன்னார்: "அவர்கள் கரும்புக்கு இந்த வருடம் எத்தனை தண்ணீர் கிடைத்தது, கேட்டுச் சொல்."